சுள்ளித் தொட்டியும் சிமென்ட் மரமும்

பால்வெளி வானத்தில் ஏன் ஒரு வெண்பட்டையாகத் தெரிகிறது? நட்சத்திரங்கள் தட்டையான ஓர் அடுக்காகப் பரந்திருக்கின்றன, அந்த அடுக்குக்கு உள்ளேயே நாமும் இருக்கிறோம், அதனால்தான் என்று 1750-இல் ஒரு நூலில் எழுதினார் இங்கிலாந்தின் தாமஸ் ரைட். அந்த நூலைப் பற்றிய மதிப்புரையைப் படித்துவிட்டுத்தான் இம்மானுவேல் கான்ட் தன் பேரண்டக் கொள்கையை வளர்த்தெடுத்தார். வானத்தை இப்படி அளந்த அதே மனிதர், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், குளோஸ்டர்ஷயரின் பேட்மின்டன் மாளிகைப் பூங்காவில் மரவேர்களை அடுக்கிக் குடில் கட்டினார். இறகுப்பந்து விளையாட்டுக்குப் பின்னாளில் பெயர் தந்த மாளிகை அது.

மாளிகைக்குச் சொந்தக்காரர் போஃபர்ட் கோமகன். பளிங்கும் செதுக்குக் கல்லும் அவருக்கு எட்டாத பொருள்கள் இல்லை. ஆனாலும் பூங்காவின் ஒரு மூலையில் அவருக்காக எழுந்தது, காட்டுத் துறவி ஒருவர் தன் கையாலேயே கட்டிக்கொண்டது போன்ற குடில். முழு மரத் தண்டுகளே தூண்கள். இடைவெளிகளை முண்டும் முடிச்சுமான வேர்களும் கவைகளும் நிரப்புகின்றன. மேலே புல்கூரை. வெளிப்பக்கத்து இருக்கை ஒன்றில் ஆணித் தலைகளாலேயே எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். இழைப்புளி படாத மரத்தால் கட்டிய இந்தக் குடில் 250 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தின் முதல்தரப் பாதுகாப்புச் சின்னங்களில் ஒன்று.

தோட்டத்தில் வைப்பதற்காகச் சுள்ளிகளை அடுக்கி, கட்டி, ஆணியடித்துச் செய்கிறார்களே ஒரு பூந்தொட்டி, அதன் பரம்பரையைத் தேடிப் போனால் இந்தக் குடிலில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது. அங்கிருந்து இன்றுவரை வரும் பாதையில் கோமகன்களும் நகர எழுத்தர்களும் மெக்சிகோவிலிருந்து வந்த கொத்தனாரும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் இணைப்பது ஒரே கவலை: மரம் இற்றுப்போகிறது.

ரைட் தன் குடில் வடிவங்களை ஒளித்துவைக்கவில்லை. தோட்டப் பந்தல் மண்டபங்களுக்கான ஆறு வடிவங்களை 1755-இலும், செயற்கைக் குகைகளுக்கான ஆறு வடிவங்களை 1758-இலும் அச்சிட்டார். 1765-இல் ராபர்ட் மேன்வேரிங் என்ற நாற்காலித் தச்சர், யூ மரத்தின் கிளைகளையும் ஆப்பிள் மரத்தின் கிளைகளையும் இயற்கை தந்த கோணலோடே பயன்படுத்திச் செய்யும் தோட்ட நாற்காலிகளின் படங்களை வெளியிட்டார். இரண்டே ஆண்டில் வில்லியம் ரைட் என்ற வேறொருவர் குடில்கள், துறவி மாடங்கள், குகைகள் என்று 28 வடிவங்கள் கொண்ட நூலைக் கொண்டுவந்தார். பிரான்சில் லோஜியே என்ற பாதிரியார் அதற்கு முன்பே, 1753-இல், கட்டடக்கலை முழுவதும் காட்டில் நான்கு தடித்த கிளைகளை நட்டு, அவற்றின் மேல் வேறு கிளைகளைப் போட்டு மனிதன் அமைத்த முதல் குடிலிலிருந்தே பிறந்தது என்று வாதிட்டிருந்தார். 1755-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முகப்பில், உயிருள்ள மரங்களே தூண்களாக நிற்கும் ஒரு குடிலின் படம் இருக்கிறது. ஐரோப்பியக் கட்டடக்கலை வகுப்புகளில் இன்றும் காட்டப்படும் படம் அது.

இந்த மோகம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய நூற்றாண்டில் பணக்காரத் தோட்டம் என்றால் வெர்சாய்தான்: அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த பாத்திகள், கத்தரித்துக் கூம்பும் உருண்டையுமாக்கிய செடிகள். அது அலுத்துப்போன தலைமுறை, மனிதக் கை படாததுபோலத் தோன்றும் தோட்டத்தைக் கேட்டது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் பொதுநிலங்களை வேலியடைக்கும் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டிருந்தது. பொதுக்காட்டில் விறகுக்குச் சுள்ளி பொறுக்கும் உரிமை ஏழைக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்தது. வேலிக்குள் போன நிலத்தில் அதே சுள்ளியை எடுத்தால் திருட்டு. ஒருவருக்கு அடுப்பெரிக்கக் கிடைக்காத கட்டை இன்னொருவர் பூங்காவில் அலங்காரமாக நின்றது. இந்தத் தொழிலின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

குடிலிலிருந்து தொட்டிக்கு வந்தது எப்படி? ஒரு பாதை ஹம்ஃப்ரி ரெப்டன் வழியாக. 1752-இல் பிறந்த இந்தத் தோட்ட வடிவமைப்பாளர், பூக்களை வீட்டுச் சன்னலுக்கு அருகே மீண்டும் கொண்டுவந்தவர். பாத்தியைச் சுற்றித் தாழ்வாகப் பின்னல் வரம்பு கட்டி, மேலே வளைவாகப் பிடியும் வைத்து, அதில் கொடி ஏற்றிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளியில் யாரோ ஒரு பெரிய பூக்கூடையை இறக்கிவைத்ததாகத் தோன்றும். பிரைட்டனில் இளவரசருக்காக அவர் வரைந்த திட்டத்திலும் இந்தக் கூடைகள் உண்டு. முளைக்குச்சிகளை நட்டு வளாரை இடையிடையே விட்டுப் பின்னும் வேலைதான் இது. கிராமத்தில் படல் கட்டியவர்களுக்குப் பார்த்ததும் பிடிபடும். தரையில் கிடந்த அந்தக் கூடை கால் முளைத்து எழுந்தால் தொட்டி.

அதைக் கோமகன்களின் கையிலிருந்து பிடுங்கி நடுத்தர வர்க்கத்தின் முற்றத்துக்குக் கொண்டுவந்தது 19-ஆம் நூற்றாண்டு. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து-வேல்ஸ் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாகிவிட்டிருந்தார்கள். ஒரு பெரிய நாட்டில் இப்படி நடந்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை. நிலக்கரிப் புகை, செங்கல் வரிசை வீடுகள், பின்னால் ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு நிலத்துக்காரர்களுக்காக எழுதியவர் ஷர்லி ஹிபர்ட். கப்பல் தலைவரின் மகன், இளமையில் புத்தகத் தொழிலில் இருந்தவர், மரக்கறி உணவுக்காகப் பிரசாரம் செய்தவர். 1856-இல் அவர் எழுதிய ‘ரஸ்டிக் அடார்ன்மென்ட்ஸ் ஃபார் ஹோம்ஸ் ஆஃப் டேஸ்ட்’ பல பதிப்புகள் கண்டது. மீன்தொட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணி, பறவைக்கூடு, தேனீப்பெட்டி என்று ஒரு வீட்டுக்குள் கொண்டுவரக்கூடிய இயற்கை அத்தனையும் அதில் உண்டு. பட்டை உரியாத மரத்தால் செய்த இருக்கைகளும் பூந்தொட்டிகளும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தே வந்தன. ஹிபர்ட் அரண்மனைத் தோட்டக்காரர் இல்லை. வட லண்டனில் சாதாரண வீட்டுத் தோட்டத்தில் செய்து பார்த்ததை எழுதியவர். பின்னாளில் 1884-இல் ‘அமெச்சூர் கார்டனிங்’ இதழைத் தொடங்கியவரும் அவரே. இந்த வரலாற்றில் அதிகம் நன்றி சொல்லத் தோன்றுவது அவருக்குத்தான். தோட்டம் வைப்பதற்கு நிலப்பிரபுவாக இருக்கத் தேவையில்லை என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி நிலைநாட்டினார்.

எப்படிச் செய்தார்கள்? 1907-இல் பால் ஹாஸ்லக் தொகுத்து லண்டனில் காசெல் நிறுவனம் வெளியிட்ட ‘ரஸ்டிக் கார்பென்ட்ரி’ போன்ற கைநூல்களைப் பார்த்தால், வேலை கண்முன் விரிகிறது.

உள்ளே இருப்பது விலை மலிந்த பலகைப் பெட்டி, அல்லது குறுக்கே அறுத்துப் பாதியாக்கிய பழைய பீப்பாய். மண்ணைத் தாங்குவது அதுதான். அடியில் நீர் வடிய ஓட்டைகள். வெளித்தோற்றத்துக்கு ஹேசல் மரத்தின் கட்டைவிரல் தடிமனான வளார்களை எடுத்து, அரிவாளால் நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். பிளந்த தட்டைப் பக்கம் பெட்டியில் ஒட்ட, பட்டைப் பக்கம் வெளியே தெரியும். ஆணி அடிக்குமுன் துளை போட வேண்டும். போடாவிட்டால் காய்ந்த வளார் நுனிவரை வெடித்துவிடும். நேர்க்கோட்டில் அடித்தால் எளிய தொட்டி. ஆனால் கைதேர்ந்தவர்கள் அங்கே நிற்கவில்லை. வளார்களைச் சாய்வாக அறுத்து நடுவில் ஒரு சாய்சதுரம், அதைச் சுற்றி எதிர்த்திசையில் இன்னொரு வரிசை, மூலைக்கு மூலை முக்கோணம் என்று கோலம் போட்டார்கள். நிறத்துக்கு வண்ணப்பூச்சு தேவைப்படவில்லை. ஹேசல் பட்டை பழுப்பு. உரித்த வில்லோ வெண்மை. அதே வில்லோவைப் பட்டையோடு வேகவைத்துப் பிறகு உரித்தால், பட்டையின் துவர்ப்புச் சாறு மரத்தில் ஏறிச் செம்மஞ்சளாகிவிடும். மூன்று நிறம் கையில் இருந்தால் போதும். சந்துகளில் பாசியைத் திணித்து மூடுவார்கள். கால்களுக்கு முடிச்சு விழுந்த வேர்த்துண்டுகள். கடைசியில் வார்னிஷ்.

இந்தக் கோல வேலையின் உச்சத்தைப் பார்க்க டெவன் மாவட்டத்துக் கில்லர்ட்டன் தோட்டத்துக்குப் போகலாம். 1808-இல் சர் தாமஸ் ஆக்லண்ட் தன் மனைவிக்காகக் கட்டிய குடில் அங்கே இருக்கிறது. ஓர் அறையின் தரை முழுக்க மான் கணுக்கால் எலும்புகளைப் பதித்த வேலை. பின்னாளில் கனடாவிலிருந்து வந்த ஒரு கரடி சில காலம் அங்கே வாழ்ந்ததால் கரடிக் குடில் என்ற பெயர் நின்றுவிட்டது.

செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தக்கைப் பட்டை கிடைத்தது. தக்கை ஓக் மரத்திலிருந்து முதல் தடவை உரிக்கும் பட்டை கரடுமுரடாக இருக்கும், சீசா மூடிக்கு உதவாது. கழித்துக்கட்ட வேண்டிய அந்தச் சரக்கு, சன்னல் தொட்டிகளின் மேல் ஆணியடிக்கும் அலங்காரப் பொருளாக லண்டனில் விற்பனையானது.

இத்தனை அழகுக்கும் அடியிலேயே அழிவும் இருந்தது. செடித்தொட்டியின் வேலையே ஈரத்தைப் பிடித்துவைப்பது. மரத்தைத் தின்னும் காளானுக்கு வேண்டியதும் அதே ஈரம். தினமும் நீர் ஊற்றும் மண்ணை மரத்துக்குள் அடைத்து, வெளியே பட்டையால் மூடினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய அடுக்கில் மாவும் சர்க்கரையும் மிகுதி. வண்டுகள் முட்டையிடுவது அங்கேதான். மேலே பட்டை பார்வைக்கு நன்றாகவே இருக்கும், தட்டினால் பொத்தென்று உள்வாங்கும். சாதாரணத் தச்சர்கள் பட்டையை முதல் நாளே உரித்து எறிவது காரணமில்லாமல் இல்லை.

ஆகவே இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் மட்குவதைத் தள்ளிப்போடும் நுட்பம். முதல் விதி, மரத்தைக் குளிர்காலத்தின் நடுவில் வெட்டுவது. வசந்தத்தில் பட்டைக்கு அடியில் உள்ள வளர்செல்கள் வேகமாகப் பிரிந்து பெருகும், அந்த அடுக்கு வழவழப்பாக இருக்கும், அப்போது வெட்டிய கிளையின் பட்டை காய்ந்ததும் கையோடு கழன்றுவிடும். மரம் உறங்கும் மாதங்களில் வெட்டினால் பட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். பட்டை வேண்டாதவர்கள் மட்டும் வேண்டுமென்றே வசந்தத்தில் வெட்டினார்கள். அடுத்தது, மர வகை. பீச்சும் பிர்ச்சும் பார்க்க அழகு, வெளியில் வைத்தால் விரைவில் உளுக்கும். லார்ச், ஓக், செஸ்ட்நட், யூ தாங்கும், ஏனென்றால் அவற்றின் வைரப் பகுதியில் காளானை விரட்டும் பொருள்கள் ஊறியிருக்கின்றன. ஆனால் சுள்ளி என்பது இளங்கிளை. அதில் வைரம் பாய்ந்திருக்காது. எந்த மரத்தின் சுள்ளியும் பலவீனம்தான். ஆகவே உள்ளே துத்தநாகத் தகடு, அல்லது தனி மண்தொட்டி, அடியில் கால்கள், மேலே வேகவைத்த ஆளிவிதை எண்ணெய். இவ்வளவும் செய்தாலும் சில ஆண்டுகள் கூடக் கிடைக்கும், அவ்வளவே.

பொறுமை இழந்தவர்கள் வேறு பொருளுக்குப் போனார்கள். கோல்புரூக்டேல் வார்ப்பாலை இரும்பையே கிளை வடிவில் வார்த்து இருக்கை செய்தது. குயவர்கள் மரக்கட்டை வடிவத்தில் சுட்ட களிமண் தொட்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் உலகத்தையே மாற்றிய விடை வந்தது பிரான்சின் ஒரு தோட்டக்காரரிடமிருந்து.

ஜோசஃப் மோனியே 1823-இல் பிறந்தார். பிறந்த ஊர் தெற்கு பிரான்சின் சேன்-கான்தன்-லா-போத்ரி; மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். குடும்பம் ஊஸே கோமகனின் தோட்ட வேலைக்காரக் குடும்பம். பள்ளிப் படிப்பு அவருக்குக் காலத்தில் வாய்க்கவில்லை. பாரிசுக்கு வந்து டுய்லரி அரண்மனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அரண்மனைத் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்கள் பெருமைக்குரிய சொத்து. குளிரில் அவற்றை உள்ளே நகர்த்தி, கோடையில் வெளியே கொண்டுவர வேண்டும். ஆகவே மரத்தொட்டி, இல்லாவிட்டால் மண்தொட்டி. மரத்தொட்டி மட்கும். மண்தொட்டியை வேர் பிளக்கும், இடம் மாற்றும்போது உடையும், பனி வெடிக்கவைக்கும். சிமென்டில் செய்து பார்த்தார். அதுவும் விரிசல் விட்டது. பிறகு இரும்புக் கம்பியால் ஒரு கூடை பின்னி, அதன் இருபுறமும் சிமென்ட் கலவையை அப்பினார். வளார் இருந்த இடத்தில் கம்பி, பாசி இருந்த இடத்தில் சிமென்ட். 1867 ஜூலை 16-ஆம் தேதி, தோட்டக்கலைக்குப் பயன்படும் இரும்பு-சிமென்ட் தொட்டிகளுக்காக அவர் காப்புரிமை பெற்றார்.

கம்பிவலையில் சிமென்ட் பூசுவது அவருக்கு முன்பே நடந்தது உண்மை. ஜோசஃப்-லூயி லாம்போ அப்படி ஒரு படகைச் செய்து 1855 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ஆனால் விடாமல் ஒவ்வொரு படியாக ஏறியவர் மோனியே: 1868-இல் குழாய், 1869-இல் சுவர்ப்பலகை, 1873-இல் பாலம், 1878-இல் உத்தரம் என்று காப்புரிமைகள் அடுக்கடுக்காக வந்தன. 1875-இல் ஷாஸ்லே மாளிகையின் அகழிக்கு மேல் அவர் கட்டிய பாலம், இரும்பு உள்வைத்த கான்கிரீட்டில் எழுந்த முதல் பாலமாகக் கருதப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 14 மீட்டர், அகலம் 4 மீட்டருக்குச் சற்று மேல். அதன் கைப்பிடிச் சுவரைக் கவனித்துப் பார்த்தால் இந்த வரலாற்றின் முழுப் பாதையும் அதில் இருக்கிறது: பட்டை உரியாத கிளைகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்டியதுபோல, சிமென்டில் வடித்திருக்கிறார். புதிய பொருள் கையில் வந்த பிறகும் அவருக்கு அழகு என்றால் சுள்ளிவேலைதான்.

காப்புரிமையின் பலனை ஜெர்மானியர்கள் அறுவடை செய்தார்கள். 1880-களில் உரிமையை வாங்கிய நிறுவனங்களும் பொறியாளர் வைஸும் அதைக் கட்டடத் துறைக்குள் கொண்டுபோனார்கள். கம்பி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் மத்தியாஸ் கோனன். ‘மோனியே முறை’ என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கப் பாலங்களும் தளங்களும் எழுந்தன. மோனியேவின் சொந்தத் தொழிலோ 1888-இல் திவாலானது. 1906-இல் அவர் வறுமையில் இறந்தார். கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டு எழும் ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் பின்னால் ஓர் ஆரஞ்சு மரத்தொட்டி இருக்கிறது. அந்தத் தோட்டக்காரரின் பெயர் அந்த வீடுகளில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மோனியே காப்புரிமை பெற்ற அதே 1867-இல், பாரிசின் வடகிழக்கில் பழைய கல்குவாரி ஒன்றை மாற்றி அமைத்த பூட்-ஷோமோன் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே படிக்கட்டு ஓரங்களிலும் சரிவுகளிலும் உள்ள கைப்பிடிகள் மரக்கிளைகளாகத் தெரியும், தொட்டால் சிமென்ட். ஈரக் கலவையில் கையாலேயே கணுவும் வெட்டுவாயும் பட்டை வெடிப்பும் உருவாக்கும் தனிக் கைவினைஞர் கூட்டம் அங்கிருந்து பெருகியது. பிரெஞ்சு நகரங்களில் பூங்கா இருக்கும் இடமெல்லாம் அவர்கள் வேலை உண்டு.

தமிழ்நாட்டு நகராட்சிப் பூங்காக்களில் அடிமரத் துண்டுபோல நிற்கும் சிமென்ட் இருக்கைகளும், கட்டைகளை அடுக்கியதுபோன்ற வேலியும், மரப்பொந்து வடிவக் குப்பைத்தொட்டியும் நம் கண்ணுக்குப் பழகியவை. கலவை இறுகும் முன் கரண்டி முனையால் பட்டை வரி இழுத்து, வெட்டுமுகத்தில் ஆண்டு வளையம் கீறி, பழுப்புச் சாயம் அடிக்கும் கொத்தனார், பாரிஸ் கைவினைஞர்கள் செய்த அதே காரியத்தைச் செய்கிறார். பலர் அதை மலிவான அலங்காரமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நல்ல கை செய்த வேலையை நின்று பார்த்தால் அந்த அலட்சியம் போய்விடும்.

அந்தக் கலையை யாரும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனவர் தியோனிசியோ ரோத்ரிகஸ். 1891-இல் மெக்சிகோவின் தொலுக்காவில் பிறந்து, 1920-களில் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கு வந்து சேர்ந்தார். இரும்புச் சட்டத்தின் மேல் சிமென்ட் அப்பி, கரண்டி, முள்கரண்டி போன்ற வீட்டுச் சாமான்களாலேயே பட்டையும் புழுத் துளையும் கீறுவார். சாயக் கலவை அவருடைய ரகசியம். வேலையாட்களுக்குக்கூடக் காட்டாமல் கலந்துகொண்டு வருவார். எதையும் எழுதிவைக்கவில்லை. ஆர்கன்சா மாநிலத்தின் நார்த் லிட்டில் ராக்கில் 1933-இல் எழுந்த ‘பழைய ஆலை’ பூங்காவில் பாலம், இருக்கை, கைப்பிடி எல்லாம் அவர் வடித்த சிமென்ட் மரங்கள். 1939-இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ திரைப்படத்தின் தொடக்கக் காட்சிகளில் அந்த ஆலை ஒரு கணம் வந்துபோகிறது. மெம்பிஸ் நகரக் கல்லறைத் தோட்டத்திலும் அவர் கைவண்ணம் இருக்கிறது. 1955-இல் இறந்தார். அவர் செய்த கிளைகளில் விழுந்த கணுக்களைத் தடவிப் பார்த்தால்தான் சிமென்ட் என்று நம்ப முடியும்.

சிமென்ட் வந்த பிறகும் மரம் தோற்றுவிடவில்லை. அதற்கு அமெரிக்காதான் சாட்சி.

அங்கே இந்த ரசனையை விதைத்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங். ஹட்சன் ஆற்றங்கரையின் நியூபர்கில் நாற்றங்கால் வைத்திருந்த குடும்பம். 1841-இல் அவர் எழுதிய தோட்டக்கலை நூலும், 1846 முதல் நடத்திய ‘ஹார்டிகல்ச்சரிஸ்ட்’ இதழும் அமெரிக்க நடுத்தர வீடுகளுக்குத் தோட்ட ஆசையை ஊட்டின. மரக்கிளை இருக்கைகளின் படங்கள் அவர் நூலிலேயே உண்டு. 1852-இல், 36 வயதில், ‘ஹென்றி கிளே’ என்ற நீராவிக் கப்பல் ஹட்சனில் தீப்பிடித்தபோது இறந்துபோனார். அவர் இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்திருந்த கூட்டாளி கால்வர்ட் வோக்ஸ், ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டோடு சேர்ந்து 1858-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு வரைந்த திட்டம் போட்டியில் வென்றது. வரிசை வீடுகளுக்கு நடுவே காட்டைக் கொண்டுவரும் திட்டம் அது. ஆகவே பட்டையோடு கூடிய சிவப்பு சீடார் கட்டைகளால் குடில்கள், பாலங்கள், பந்தல்கள், கொடி ஏறும் சட்டங்கள், பறவை வீடுகள். அவற்றைச் செய்தவர் அன்டன் கெர்ஸ்டர் என்ற ஹங்கேரியர். குழந்தைகளுக்காக எழுந்த கிண்டர்பெர்க் மண்டபம் வட்ட வடிவில் 110 அடி விட்டம்.

நியூயார்க்கின் வடக்கே மொஹாங்க் மலை விடுதியில் ஸ்மைலி சகோதரர்கள் 1869-லிருந்து பாறை விளிம்பெங்கும் இப்படிச் சிறு குடில்களைக் கட்டினார்கள். 100-க்கு மேல் இன்றும் உண்டு. அடிராண்டாக் மலையில் வில்லியம் வெஸ்ட் டியூரண்ட் 1870-களின் இறுதியில் தொடங்கிய பைன் நாட் முகாம் ஒரு பாணியையே உருவாக்கியது. கோடையில் பணக்கார விருந்தினருக்கு வேட்டை வழிகாட்டிகளாக இருந்த உள்ளூர்க்காரர்கள், பனி மூடிய மாதங்களில் மேசை, அலமாரி, பூந்தொட்டித் தாங்கி என்று செய்து தள்ளினார்கள். மரம் வெட்டச் சரியான காலமும் வேலையில்லாத காலமும் ஒன்றாக அமைந்தது அவர்கள் அதிர்ஷ்டம். வெள்ளைப் பிர்ச் பட்டையைப் பலகை மேல் தோல் போர்த்துவதுபோல ஒட்டி, ஓரங்களுக்குப் பிளந்த மஞ்சள் பிர்ச் வளார்களை அடித்தார்கள். ஏர்னஸ்ட் ஸ்டோ போன்ற ஒருசிலர் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மற்றவர்களின் வேலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பெயர் இல்லை.

சென்ட்ரல் பார்க்கின் மரங்கள் எதிர்பார்த்தபடியே மட்கின. கிண்டர்பெர்க் இருந்த இடத்தில் 1952-இல் செங்கல்லில் சதுரங்கக் கூடம் எழுந்தது. பணமுடையில் நகரம் தவித்த 1970-களில், கெர்ஸ்டர் செய்தவற்றில் பெரும்பாலானவை இல்லாமலே போயிருந்தன. பூங்காவைப் பராமரிக்க 1980-இல் ‘சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி’ உருவானபோது, அவற்றைச் சிமென்டில் வார்த்துவிட்டிருக்கலாம். அவர்கள் மரத்துக்கே திரும்பினார்கள். பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு குடில்களை ஒவ்வொன்றாக மீட்டுக் கட்டினார்கள். தெற்கு வாயிலருகே பாறை மேல் நிற்கும் ‘காப் காட்’ அப்படி 1980-களில் மறுபிறவி எடுத்தது.

இந்தத் தடவை பயன்படுத்தியது பெரும்பாலும் கருப்பு லோகஸ்ட் மரம். அமெரிக்காவில் விவசாயிகள் வேலிக்கால் நடுவதற்குத் தலைமுறைகளாக நம்பிய மரம் அது. இளமையிலேயே வைரம் பாயும், வைரத்தில் காளானைத் தடுக்கும் பொருள் மிகுதி. அப்படியும் மண்ணைத் தொடும் அடி முதலில் இறும், கூரைக் கட்டைகளின் சந்தில் தேங்கும் நீர் அடுத்து வேலை காட்டும். அதனால் இந்தப் பூங்காவில் காட்டுமர வேலைக்கென்றே ஒரு தனிக் குழு இருக்கிறது. குடில்கள், பாலங்கள், இருக்கைகள், கைப்பிடிகள் என்று 843 ஏக்கரில் பரவிக்கிடக்கும் அத்தனையையும் பார்த்து, இற்றதைக் கழற்றி, கவையும் வளைவும் பொருந்துகிற புதுக் கிளையைத் தேடி எடுத்துப் பொருத்துவதே அவர்கள் வேலை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது முதலில் செய்ததில் ஏதாவது ஒரு கட்டைக்கு முறை வந்திருக்கும்.